பணியாரக்கல்லில் வார்த்த பல்லாங்குழி

பழைய செய்தித்தாளையும் வெந்தயத்தையும் அரைத்துச் செய்த பல்லாங்குழிப் பலகை ஒருவழியாக வளையாமல், விரியாமல், வாடை அடிக்காமல் நிற்கிறது. நீளம் 52 சென்டிமீட்டர், அகலம் 18. எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விடுமுறையில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்கு உதவும் என்று, வேலை நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

வீட்டில் இரண்டு பேர். பெரியவன் நான்காம் வகுப்பு முடித்திருக்கிறான், சின்னவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறாள். பாளையங்கோட்டை வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் வெளியே அனுப்ப முடியாது. காகிதக் கப்பல், கத்திக் கப்பல், உடைமுள் குத்திய பனையோலைக் காற்றாடி, தீப்பெட்டி டெலிபோன் எல்லாம் வந்து போயின. தீப்பெட்டி டெலிபோனில் நூல் தொய்யாமல் இருந்தால்தான் குரல் கேட்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் தீப்பெட்டி கிழியும். எதிலும் குறையில்லை. ஆனால் செய்ய அரை மணி, விளையாட அரை மணி, அப்புறம் மறுபடியும் "போரடிக்குதும்மா". ஊற வேண்டும், காய வேண்டும் என்று இழுக்கிற வேலையாக இருந்தால்தான் மறுநாளும் அதே நினைப்போடு எழுந்திருப்பார்கள் என்று தோன்றியது.

காகிதக்கூழ் யோசனை என் அம்மாவுடையது. குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வெந்தயம் சேர்த்த கூழைப் பூசி, காயவைத்து, கழற்றியெடுத்த கூடையில்தான் அந்தக் காலத்தில் அவள் வத்தல் போட்டு வைப்பாள். கூடை செய்வதை விட விளையாடச் சாமான் செய்தால் பிள்ளைகள் கூட வருவார்கள் என்று பல்லாங்குழிக்கு மாறினோம். முட்டை அட்டையைக் கத்தரித்தால் நொடியில் பல்லாங்குழி என்று பலர் சொல்வார்கள். ஒருநாள் கூத்துக்கு அது சரி. குழி குறுகலாக இருப்பதால் விரல் விட்டுக் காய் அள்ள முடியாது, குழிகளுக்கு நடுவில் மேடு வேறு துருத்திக்கொண்டு நிற்கும்.

முதலில் காகிதம். பதினாறு பக்க நாளிதழ் ஒன்று சமையலறைத் தராசில் 70 கிராம் காட்டியது. நான்கு இதழ் எடுத்துக்கொண்டோம். தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழிகிறது, குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகிறது என்பதைக் கண்டுபிடித்தது சின்னவள்தான். அதன்பிறகு எல்லாத் தாளையும் நாடா நாடாவாகக் கிழித்துத் தள்ளினாள். அண்ணன் அவற்றைத் தபால்தலை அளவுக்குத் துண்டாக்கினான். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வரும் வழவழப்பான தாளையும் சேர்த்துப் போட்டோம். அது ஊறவே இல்லை. அரைத்த பிறகும் செதில் செதிலாகக் கூழில் மிதந்தது. பொறுக்கி எடுக்க ஒரு மதியம் ஓடிவிட்டது. சாதாரணச் செய்தித்தாள் மட்டும் போதும்.

துண்டுகளை வாளியில் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, இரண்டு ராத்திரி ஊறவைத்தோம். காலையில் தண்ணீர் சாம்பல் நிறமாக இருக்கும். கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டாம் நாள் விரலால் தேய்த்தாலே நார் பிரிந்து வரும். அதுதான் பதம்.

அரைப்பதற்கு மிக்சி. அச்சு மை காரணமாக உணவுப் பண்டங்களைச் செய்தித்தாளில் சுற்றக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இலேயே எச்சரித்திருக்கிறது. ஆகவே சட்னி அரைக்கிற ஜாரை இதற்குத் தொடக் கூடாது. பரணில் கைப்பிடி உடைந்த பழைய ஜார் ஒன்று கிடந்தது. இனி அது கைவேலைக்கு மட்டும். அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பேப்பரப் போயி மிக்சில அரைக்கா பாரு, கோட்டிக்காரி" என்றாள். அவள் காலத்தில் உரலில் போட்டு இடித்தார்களாம்.

ஜாரில் பாதிக்கு மேல் காகிதம் போட்டால் பிளேடு சுற்றாது. கூழ் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், மோட்டார் மட்டும் முனகும். அப்படி ஒருமுறை முனகிவிட்டு நின்றுபோனது. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திக் கொஞ்ச நேரம் ஆறவிட்டதும் மறுபடி ஓடியது. ஒரு கைப்பிடி காகிதத்துக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், விட்டு விட்டுப் பத்து விநாடி. இந்தக் கணக்கில் போனால் மிக்சி சூடாவதில்லை. அரைத்ததைப் பழைய வேட்டித் துணியில் கொட்டி, இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்கினார்கள். இந்த விடுமுறையில் சண்டை இல்லாமல் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. பிழிந்த கூழ் ஏறக்குறைய ஒரு கிலோ.

வெந்தயம் 60 கிராம், முந்தின இரவே ஊறவைத்தது. தனியாகக் கொழகொழவென்று அரைத்து, கூழோடு சேர்த்துக் கையாலேயே பிசைய வேண்டும். கட்டி தட்டக் கூடாது. உருட்டிப் பிடித்தால் கொழுக்கட்டை மாவு மாதிரி வெடிப்பில்லாமல் நிற்க வேண்டும். தண்ணீர் சொட்டினால் இன்னும் பிழிய வேண்டும். வெந்தயம் கசப்பதால் பூச்சி அண்டாது என்பது அம்மாவின் கணக்கு. வாடை மட்டும் பலகை முழுசாகக் காயும் வரைக்கும் வீட்டை விட்டுப் போகாது, சொல்லிவிட்டேன்.

இனி அச்சு. எங்கள் வீட்டு இரும்புப் பணியாரக்கல்லில் ஏழு குழி. இரண்டு தடவை வார்த்தால் பதினான்கு! பல்லாங்குழிக்கென்றே செய்த கல் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, கல்லைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும் குமிழ்களின்மேல் கூழைப் பூசினோம். உட்பக்கம் வழவழப்பாக வரும், குழியும் பெரிதாக இருக்கும் என்று கணக்கு. காயக் காயக் கூழ் சுருங்கியது. உள்ளே இரும்பு விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாக் கிண்ணமும் உச்சியில் வெடித்தது. கழற்றப் பார்த்தால் இரும்பைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. உட்புறமெல்லாம் துருக்கறை வேறு. உடைந்ததை வீணாக்க வேண்டியதில்லை. வெந்நீரில் ஊறப்போட்டு அரைத்தால் மறுபடி கூழ்தான்.

குழிக்குள் வைத்து வார்த்தபோது இந்தத் தொல்லை இல்லை. சுருங்கும்போது கூழ் சுவரை விட்டுத் தானே விலகிவிடுகிறது. பிளாஸ்டிக் தாளை உள்ளே விரித்துப் பார்த்தோம்: மடிப்பு மடிப்பாகத் தடம் விழுந்தது, அடியில் தண்ணீர் தேங்கியது. மெல்லிய வேட்டித் துணிதான் ஒத்துவந்தது. 12 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நனைத்துப் பிழிந்து குழியில் விரித்து, எலுமிச்சையளவு கூழ் வைத்து, பாலிதீன் பையில் சுற்றிய ரப்பர் பந்தால் அழுத்தினால் சுவர் ஒரே கனமாக வரும். பந்தை அழுத்திக்கொண்டே அரை வட்டம் திருப்பினால் உட்புறம் வழவழப்பாகிவிடும். இதில் சின்னவள் கை தேர்ந்தவளாகிவிட்டாள். பெரியவன் செய்தது எல்லாம் ஒருபக்கம் கனம், ஒருபக்கம் மெலிவு. துணியின் நான்கு முனையையும் பிடித்துத் தூக்கினால் கிண்ணம் ஈரத்தோடேயே வெளியே வந்துவிடும். கல்லில் காயும் வரை விட்டுவைக்க வேண்டியதில்லை. துருவும் பிடிப்பதில்லை, சாயங்காலம் அம்மாவுக்குக் கல்லும் திரும்பக் கிடைத்துவிடும். சாம்பல் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவிக் கொடுத்தால்தான் வாங்குவாள்.

சுவர் 6 மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். பெரியவன் "ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்று ஒரு சென்டிமீட்டருக்கு அப்பிய கிண்ணங்கள் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருந்து, பூஞ்சை பிடித்து, நாற்றமெடுத்துத் தெருக்குப்பைக்குப் போயின. பூஞ்சை பிடித்த கூழைத் திரும்ப அரைக்க வேண்டாம்.

வார்த்த கையோடு கத்திரி வெயிலில் வைத்தால் விளிம்பு உட்பக்கமாகச் சுருண்டுவிடுகிறது. முதல் நாள் நிழலில், அதுவும் காற்றோட்டமான நிழலில். மறுநாளிலிருந்து தட்டட்டியில் (மொட்டைமாடியில்) வெயிலில், நடுவில் ஒருமுறை கவிழ்த்துப் போட்டு. வடாம் என்று நினைத்துக் காக்கை ஒன்று கிண்ணத்தைக் கவ்விக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஓட்டில் போட்டது. கசந்திருக்க வேண்டும், திரும்ப வரவில்லை. ஆனாலும் கறுப்புக் குடை விரித்து வைத்தோம், காவலுக்கு முறை போட்டு ஆள் வைத்தோம். அந்த முறைப் பட்டியலை எழுதுவதிலேயே பெரியவனுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது போனது.

காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. தராசு சொல்லும். பெரியவன் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, ஒரு கிண்ணத்தை மட்டும் காலையும் மாலையும் நிறுத்து எழுதினான். வார்த்தபோது 38 கிராம். குறைந்துகொண்டே வந்து 11 கிராமில் நின்றுவிட்டது. காலையில் 11, மாலையிலும் 11. அப்படியானால் காய்ந்தாயிற்று. கையால் தட்டினாலும் வேறு சத்தம் வரும். பள்ளிக்கூடத்தில் தசமத்தோடு மல்லுக்கு நிற்கிற பையன் இந்த நோட்டை யாரும் சொல்லாமல் எழுதினான்.

பலகையாகச் சேர்ப்பதுதான் என்னை அதிகம் படுத்தியது. அடிப்பலகைக்கு வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி, இரண்டு அடுக்கு. ஒன்றின் நெளிவு நீளவாக்கில், மற்றதன் நெளிவு குறுக்கே இருக்கும்படி வைத்து பெவிகால் போட்டு ஒட்டி, மேலே அம்மிக்குழவியைக் கிடத்தி ஓர் இரவு விட்டேன். ஏழேழாக இரண்டு வரிசை, கிண்ணத்துக்குக் கிண்ணம் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. இடைவெளி முழுக்கக் கூழை நிரப்பியபோது மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கிப் பலகையின் இரண்டு நுனியும் மேலே தூக்கிக்கொண்டன. தரையில் வைத்தால் ஆடியது. நனைத்து, கூழைச் சுரண்டி எடுத்து, மறுபடி தொடங்கினோம்.

இரண்டாம் தடவை இடைவெளியில் காய்ந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, பெவிகாலால் பிடிக்கவைத்து, அதன்மேல் 4 மில்லிமீட்டருக்கு மட்டும் கூழ் பூசினோம். அடியில் நீளவாக்கில் இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு ஒட்டினேன். பக்கத்துத் தச்சர் பட்டறையில் வெட்டிப்போட்ட கழிவு, காசு வாங்கவில்லை. கூழ் பூசுவதற்கு முன்பே ரீப்பரை ஒட்டிவிட வேண்டும். வளைந்த பிறகு ஒட்டினால் ரீப்பர் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இந்தத் தடவை பலகை நேராகக் காய்ந்தது.

பிறகு உப்புத்தாள். 80-ஆம் நம்பர் போட்டு மேடு பள்ளத்தைச் சரி செய்து, 120-இல் முடித்தோம். தூசி மூக்கில் ஏறும். வாசலில் உட்கார்ந்து, வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் தேய்க்க வேண்டும். குழிக்குள் மெல்லிய காகித நாடாக்களை, தண்ணீர் கலந்த பெவிகாலில் நனைத்து ஒட்டினால் நார் பிசிறு அடங்கிவிடும். மைதாப் பசை மலிவுதான், ஆனால் கரப்பான் தேடி வரும். முன்பெல்லாம் பைண்டிங் பசையில் பூச்சிக்கு மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை படும் சாமானில் வேண்டவே வேண்டாம். மேலே காவிப்பொடியைப் பெவிகால் தண்ணீரில் குழைத்து இரண்டு பூச்சு. விளிம்பில் சின்னவள் வெள்ளை போஸ்டர் கலரில் கோலம் போட்டாள். அவள் போட்டது கோலம் என்று நாம் நம்ப வேண்டும்.

காய்க்குப் புளியங்கொட்டை. புளி தட்டிய கொட்டை ஒரு டப்பா நிறைய அம்மாவிடம் இருந்தது. கழுவிக் காயவைத்துப் பார்த்தபோது பலவற்றில் பொடிப்பொடியாகத் துளை, வண்டு குடைந்தது. துளையுள்ளதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வாணலியில் லேசாகச் சூடு காட்டி எடுத்தோம். குன்றிமணி பார்க்க அழகு, பழைய வீடுகளில் அதை வைத்து ஆடியிருக்கிறார்கள். ஆனால் அதில் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. முழுதாக இருக்கும் வரைக்கும் ஓடு காப்பாற்றும், கடித்துவிட்டால் ஆபத்து. சின்னவள் இன்னும் எதையும் வாயில் போட்டுப் பார்க்கிற வயது. அதனால் குன்றிமணி எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

கொட்டையில் நான்கை எடுத்துத் தாயம் ஆடவென்று ஒதுக்கினோம். ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் பழுப்புத் தோல் போய் வெள்ளைப் பருப்பு தெரியும். உருட்டிப் போட்டு வெள்ளை எத்தனை என்று எண்ண வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டு, மூன்று, நான்கு அந்தந்த எண். ஒன்றுமே வெள்ளை இல்லையென்றால் எட்டு. தண்ணீர் விடாமல் தேய்த்தால் கொட்டை சுடும். அதைப் பெரியவன் தங்கச்சி கையில் வைத்து அவள் அலறியதில் அந்த மதியம் தாயம் ரத்தானது.

பல்லாங்குழிக்கு எங்கள் வீட்டுக் கணக்கு குழிக்கு ஐந்து, மொத்தம் 70 காய். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் 'பசு'. அது அந்தப் பக்கத்துக்காரருக்கு. சின்னவளுக்குப் பசுவைக் கவனிக்கவும் காயைப் போடவும் சேர்ந்து வரவில்லை. அண்ணன் அவளுடைய பசுவை எல்லாம் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறான் என்று தெரிந்ததும் அவளோடு ஆடும்போது பசு கிடையாது என்று அவர்கள் ஆச்சி (என் அம்மா) தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஆனால் பலகையை உண்மையில் தேயவைப்பது இந்த ஆட்டமில்லை, தனியாள் ஆட்டம்தான். சீதைப் பாண்டி என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். அசோகவனத்தில் சீதை தனியாக உட்கார்ந்து ஆடியது என்பார்கள். ஒரு வரிசை ஏழு குழியில் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று காய் வைக்க வேண்டும், மொத்தம் 28. ஏழு இருக்கும் குழியை அள்ளி, அதே குழியிலிருந்து தொடங்கிக் குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும். கடைசிக் குழி வந்தால் முதல் குழிக்குத் திரும்ப வேண்டும். முதல் தடவை போட்டதும் 1, 7, 6, 5, 4, 3, 2 என்று மாறும். அடுத்து இரண்டாவது குழியில் இருக்கும் ஏழை அள்ளினால் 2, 1, 7, 6, 5, 4, 3. இப்படியே போனால் ஏழாவது தடவையில் பழையபடி 7, 6, 5, 4, 3, 2, 1. ஒரு காய் தவறினாலும் கணக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பெரியவன் முதலில் நம்பவில்லை. ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது முடியவே முடியாது!" என்று அடுக்களைக்கு ஓடினான். "முடியாதுன்னுதானலே சீதைக்குக் குடுத்துருக்கு" என்றாள் அம்மா. ஐந்து குழியில் 5, 4, 3, 2, 1 வைத்தாலும் சுற்றி வருகிறது என்று அவனே கண்டுபிடித்தான். வெயில் தாழும் வரைக்கும் அவனைத் தேட வேண்டியிருக்கவில்லை.

செலவு: வெந்தயம் ₹8, பெவிகால் ₹48, உப்புத்தாள் இரண்டு ₹30, காவிப்பொடி ₹20. ஆக ₹106. கடையில் மரப்பலகை ₹500-க்குக் குறையாமல் கேட்டார்கள். மரத்தில் காய் விழும்போது வரும் 'டக்' சத்தம் கூழ்ப்பலகையில் வராது, மொத்தையாகத்தான் விழும். பழைய ஆட்கள் அதைத்தான் முதலில் குறையாகச் சொல்கிறார்கள். தண்ணீர் பட்டால் பலகை ஊறிவிடும் என்பதும் உண்மை. ஒருமுறை டம்ளர் கவிழ்ந்த இடத்தில் காவி வெளுத்துப் போயிருக்கிறது.

அடுத்த பலகைக்குச் செய்தித்தாள் கிடையாது. முட்டை அட்டை ஏற்கெனவே கூழில் செய்ததுதான். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் மூடி வைத்தால் கையாலேயே பிசைந்துவிடலாம் என்று சின்னத் துண்டில் பார்த்தாயிற்று. கொதிநீரில் கிருமிப் பயமும் குறையும், மிக்சிச் சண்டையும் இல்லை. பலகையை ஒரே நீளமாகச் செய்யாமல் இரண்டு ஏழுகுழித் துண்டாகச் செய்து நடுவில் துணிக் கீல் ஒட்டினால், மடித்துப் பரணில் வைக்கலாம், வளைவதற்கும் வாய்ப்புக் குறைவு. குழியைக் கல்லின் அளவுக்கே விடாமல் விளிம்பை அரை சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். ஏனென்றால் பெரியவன் இப்போது பதினான்கு குழியிலும் 14, 13, 12 என்று வைத்து ஆடிப் பார்க்க வேண்டும் என்கிறான். அதற்கு 105 காய் வேண்டும். குழியில் பதினான்கு கொட்டை விளிம்பு வரை வந்துவிடுகிறது, கை பட்டால் சிதறுகிறது. கொட்டையும் போதவில்லை. வண்டு துளைத்ததைக் கழித்தது போக 80-தான் தேறியிருக்கிறது. மிச்சம் 25-க்கு எதிர்வீட்டில் கேட்டிருக்கிறோம், புளி தட்டினால் கொட்டையைத் தூரப் போட வேண்டாம் என்று.